சுவருக்கு நிறம் தேர்ந்தெடுக்கும் முறை: வெளிச்சம் முதலில், சாயல் கடைசியில்

எங்கள் வீட்டு ஹாலில் இருப்பது ரெட் ஆக்சைடு தரை. பல பத்தாண்டுகளாகக் கால்பட்டு, எண்ணெய் தடவியதுபோல் மின்னும் அந்தத் தரையை மாற்ற மனமில்லாமல், சுவரை மட்டும் பட்டி பார்த்துப் புதுப்பிக்க முடிவு செய்தோம். பெயின்ட் கடையில் ஷேடு கார்டை விரித்து, தீப்பெட்டி அளவுகூட இல்லாத ஒரு வெளிர்சாம்பல் கட்டத்தைத் தொட்டுக் காட்டினேன். இரண்டு கோட்டு முடிந்த மறுநாள் காலையில் பார்த்தால் சுவர் சாம்பலாக இல்லை. மழைக்காலத்தில் பாசி படரத் தொடங்கும் சுவரில் தெரியுமே, அப்படியொரு பச்சை அதில் ஓடியது. மாலை நான்கு மணிக்கு மேற்கு ஜன்னல் வழியாக வெயில் தரையில் விழுந்தபோது, அதே சுவரின் கீழ்ப்பகுதி மூன்றடி உயரத்துக்கு இளஞ்சிவப்பாக மாறியது. டப்பா மாறிவிட்டது என்றே நினைத்து, மிச்சமிருந்த பெயின்டை வெள்ளைத்தாளில் தடவிக் காயவைத்து ஷேடு கார்டோடு ஒட்டிப் பார்த்தோம். இம்மியும் பிசகவில்லை. டப்பாவில் இருந்தது நாங்கள் கேட்ட சாம்பல்தான்.

அங்கே நடந்தவை இரண்டு. சிவப்பை ஓயாமல் பார்த்துக்கொண்டிருக்கும் கண், பக்கத்தில் இருக்கும் நிறமற்ற பரப்பில் சிவப்புக்கு எதிரான பச்சையைச் சேர்த்துப் பார்க்கிறது. காலையில் கண்ட பச்சைக்கு அதுவே காரணம். மாலையில் வெயில் தரையில் பட்டு, சிவப்பாகத் தெறித்துச் சுவரின் மேல் விழுந்தது. முதலாவது கண்ணில் நிகழ்வது, இரண்டாவது சுவரிலேயே நிகழ்வது. முதலாவதைத் தெளிவாக விளக்கியவர் செவ்ரல் என்ற பிரெஞ்சு வேதியியலாளர். பாரீஸில் கோபெலான் நெசவுக்கூடத்தின் சாயப் பிரிவுக்கு 1824-இல் பொறுப்பேற்ற அவரிடம், கறுப்பு நூலில் ஆழம் போதவில்லை என்று புகார் வந்தது. சாயத்தைச் சோதித்தபோது அதில் குறையேதும் இல்லை; அருகருகே நெய்யப்பட்ட வேறு நிற நூல்களே கறுப்பை மங்கச் செய்தன என்று கண்டறிந்து, அந்த ஆய்வை 1839-இல் நூலாக வெளியிட்டார். வீட்டுச் சுவருக்கு நிறம் தேர்ந்தெடுக்கும் எவரும் முதலில் மனத்தில் கொள்ள வேண்டியது இதுதான்: சுவரில் தெரியும் நிறத்தை டப்பாவில் இருக்கும் பெயின்ட் மட்டும் தீர்மானிப்பதில்லை, அறைக்குள் வரும் ஒளி, தரை, பக்கத்தில் இருக்கும் பிற நிறங்கள் எல்லாம் சேர்ந்தே தீர்மானிக்கின்றன.

ஒரு நிறத்துக்கு மூன்று குணங்கள் உண்டு. சிவப்பா, மஞ்சளா, நீலமா என்று சொல்லும் சாயல் ஒன்று. கறுப்புக்கும் வெள்ளைக்கும் இடையே அது எங்கே நிற்கிறது என்று சொல்லும் வெளிர்மை இரண்டாவது. அழுத்தமான நிறமா, சாம்பல் கலந்து அடங்கிய நிறமா என்று சொல்லும் செறிவு மூன்றாவது. அமெரிக்க ஓவிய ஆசிரியரான மன்செல் 1905-இல் முன்வைத்த இந்தப் பகுப்பு இன்றும் நிற அளவீட்டுக்கு அடிப்படையாக இருக்கிறது. நாம் கடைக்குப் போனதும் “பச்சை அடிக்கலாமா, நீலம் அடிக்கலாமா” என்று சாயலில் தொடங்குகிறோம். ஆனால் ஓர் அறை இருண்டு கிடப்பதற்கும், கண்ணைக் கூசவைப்பதற்கும், ஒரு மாதத்தில் சலித்துப்போவதற்கும் பெரும்பாலும் காரணமாக இருப்பவை மற்ற இரண்டும்தான். ஆகவே நான் பரிந்துரைக்கும் வரிசை தலைகீழானது: முதலில் வெளிர்மை, அடுத்து செறிவு, கடைசியில் சாயல்.

அதற்கும் முன்பு, ஷேடு கார்டைத் தொடாமல், ஒரு தாளை எடுத்துக்கொண்டு அறையில் மாற்ற முடியாதவற்றை எழுதிக்கொள்ளுங்கள். தரை, சமையலறை மேடையின் கிரானைட், சுவரில் பதித்த டைல்ஸ், தேக்குக் கதவு, ஜன்னல் கிரில், இன்னும் பத்தாண்டுக்கு மாற்றப்போவதில்லை என்று தெரிந்த பீரோவும் சோபாவும் அதில் இடம்பெற வேண்டும். பெயின்ட் ஆயிரக்கணக்கான நிறங்களில் கிடைக்கிறது. வீட்டில் ஏற்கெனவே பதித்துவிட்ட தரையோ ஒரே நிறம்தான். எனவே சுவர்தான் தரைக்கு இணங்கிப் போக வேண்டும். இந்த ஒரு விதியைக் கடைப்பிடித்திருந்தால் எங்கள் ஹாலுக்கு இரண்டு முறை கூலி கொடுத்திருக்க வேண்டியதில்லை.

அடுத்ததாக எழுத வேண்டியது, ஒளி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பது. இணையத்தில் கிடைக்கும் ஆங்கில வழிகாட்டிகள், வடக்கு நோக்கிய அறை எப்போதும் குளிர்ந்த, நீலம் கலந்த ஒளி கொண்டது, ஆகவே அங்கே மஞ்சளும் ஆரஞ்சும் சேர்ந்த நிறமே பொருந்தும் என்று சொல்கின்றன. அது ஐரோப்பாவுக்கும் வட அமெரிக்காவுக்கும் சரி. நம் ஊர் நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் இங்கே கணக்கு வேறு. சென்னையில் ஏப்ரல் கடைசி வாரத்திலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை நண்பகல் சூரியன் உச்சிக்கு வடக்கே இருக்கிறது. அந்த மாதங்களில் வடக்குச் சுவரிலும் வெயில் படும். மார்கழி, தை மாதங்களில் தெற்கு ஜன்னல் வழியாக வெயில் வீட்டுக்குள் நீண்டு வரும். எனவே வடக்கு, தெற்கு அறைகளை இங்கே அவ்வளவு கடுமையாகப் பிரிக்கத் தேவையில்லை. நமக்கு உண்மையான வேறுபாடு கிழக்குக்கும் மேற்குக்கும் இடையில்தான் இருக்கிறது. கிழக்கு அறை காலையில் ஒளிர்ந்து, பிற்பகலில் அடங்கிவிடும். மேற்கு அறை காலையில் மந்தமாக இருந்து, பிற்பகல் மூன்று மணிக்கு மேல் மஞ்சளும் சிவப்பும் கலந்த கடுமையான வெயிலைப் பெறும்; அங்கே ஏற்கெனவே மஞ்சளான சுவர் இருந்தால் மாலையில் அது அனலடிப்பதுபோல் தோன்றும். அடுக்குமாடிக் குடியிருப்பில் இருப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். எதிர்க் கட்டடத்தின் சுவர் பத்தடி தூரத்தில் இருந்தால், உங்கள் அறைக்குள் வருவது வானத்து ஒளி அல்ல. அந்தச் சுவரில் பட்டுத் திரும்பும் ஒளி. எதிரே பச்சைச் சுவர் என்றால் உங்கள் வெள்ளைச் சுவரிலும் பச்சை கலந்தே தெரியும்.

மின்விளக்கும் இதே அளவுக்கு முக்கியமானது. வேலைக்குப் போகிறவர்கள் வீட்டை அதிகம் பார்ப்பதே மின்விளக்கு வெளிச்சத்தில்தான். விளக்கின் அட்டைப்பெட்டியில் 3000 கெல்வின், 4000 கெல்வின், 6500 கெல்வின் என்று அச்சிட்டிருப்பார்கள். 3000 மஞ்சள் கலந்த ஒளி, 6500 நீலம் கலந்த வெள்ளொளி, 4000 இரண்டுக்கும் நடுவில். நம் வீடுகளில் பெரும்பாலும் எரிவது 6500 கெல்வின் டியூப் லைட். அதன் கீழ் நீலச் சுவர் துலங்கும். சந்தன நிறமும் பீச் நிறமும் உயிரற்று வெளிறும். மஞ்சள் விளக்கின் கீழ் இது அப்படியே மாறி, சந்தன நிறம் செழித்து, வெளிர்நீலம் சாம்பலாகிவிடும். எனவே விளக்கை முதலில் முடிவு செய்து மாட்டிவிட்டு, அதன் பிறகு நிறம் பாருங்கள். சி.ஆர்.ஐ. என்ற எண்ணும் பெட்டியில் இருக்கும். நிறங்களை அந்த விளக்கு எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்பதன் அளவு அது. 80 பரவாயில்லை, 90 நன்று. கடையில் சுவர் நிறத்தோடு அச்சாகப் பொருந்திய திரைச்சீலை வீட்டில் பொருந்தாமல் போவதற்கும் விளக்குதான் காரணம். இரண்டு வேறு சாயக் கலவைகள் ஓர் ஒளியில் ஒன்றுபோலவும் இன்னோர் ஒளியில் வேறாகவும் தெரிவது இயல்பு. துணியைக் கடை வாசலுக்கு எடுத்துவந்து பகல் வெளிச்சத்தில் பார்க்கும் நம் அம்மாக்களின் வழக்கம் முற்றிலும் சரியானது. சுவருக்கும் அதையே செய்ய வேண்டும்.

இப்போது வெளிர்மைக்கு வரலாம். பெயின்ட் நிறுவனங்கள் பல, ஒவ்வொரு ஷேடுக்கும் எல்.ஆர்.வி. என்ற எண்ணைத் தருகின்றன. விழும் ஒளியில் நூற்றுக்கு எத்தனை பங்கை அந்த நிறம் திருப்பி அனுப்புகிறது என்பதே அதன் பொருள். நல்ல வெள்ளை 85-ஐ ஒட்டி இருக்கும். அடர்ந்த நீலமோ அரக்கோ 10-க்கும் கீழே போய்விடும். ஒரே ஒரு சிறிய ஜன்னல் உள்ள அறைக்கு 65-க்கு மேல் எடுப்பது நல்லது. வெயில் நேராகப் பாயும் மேற்கு ஹாலுக்கு 80-க்கு மேல் போனால் மாலையில் கண் கூசும். அங்கே 60 முதல் 70 வரை போதும். இவை என் கண்ணுக்குச் சரியாகப் பட்ட எல்லைகள். ஓரிரு புள்ளி முன்பின் ஆனால் குறையில்லை. எண் கிடைக்காதவர்கள் ஷேடு கார்டைக் கைப்பேசியில் கறுப்பு வெள்ளைப் படமாக எடுத்துப் பாருங்கள். சாயல் மறைந்து வெளிர்மை மட்டும் தெரியும். வேறு வேறு என்று நினைத்த நான்கு நிறங்கள் அந்தப் படத்தில் ஒரே சாம்பலாகத் தெரிந்தால், அவை அறைக்குத் தரும் வெளிச்சமும் ஏறக்குறைய ஒன்றேதான்.

செறிவில்தான் மிகுதியானவர்கள் ஏமாறுகிறார்கள். சிறு கட்டத்தில் சாதுவாகத் தெரியும் நிறம், நானூறு சதுர அடியில் விரியும்போது கூச்சலிடுகிறது. பரப்பு கூடக்கூட நிறம் அழுத்தமாகத் தெரியும் என்பது ஒரு காரணம். நான்கு சுவர்களும் ஒன்றன் நிறத்தை மற்றொன்றின் மேல் வீசிக்கொண்டிருப்பது இன்னொரு காரணம். இளமஞ்சள் சுவரில் பட்டு வரும் மஞ்சள் ஒளி எதிர்ச் சுவரின் மஞ்சளில் விழுந்து அதை இன்னும் மஞ்சளாக்குகிறது. அறையின் மூலைகளில் நிறம் ஆழமாகத் தெரிவதைக் கவனித்திருப்பீர்கள். ஆகவே கார்டில் உங்களுக்குப் பிடித்ததை எடுத்துக்கொண்டு, அதே சாயலில் அதைவிட ஒருபடி அடங்கிய, கொஞ்சம் சாம்பல் கலந்ததுபோல் இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். கையில் பார்க்கும்போது அது சற்று மந்தமாகத் தோன்றும். சுவரில் ஏறியதும் நீங்கள் முதலில் விரும்பிய நிறமாகவே தெரியும்.

சாயல்களைச் சேர்க்கும் கலையை, நிறங்களை வட்டமாக வரிசைப்படுத்திக் காட்டும் வண்ணச் சக்கரத்தில் நாம் புதிதாகக் கற்க வேண்டியதில்லை. காஞ்சிபுரம் பட்டுப்புடவையைப் பார்க்கத் தெரிந்தவருக்கு அதில் பாதி ஏற்கெனவே தெரியும். சக்கரத்தில் அருகருகே இருக்கும் மஞ்சள், ஆரஞ்சு, செம்மண் போன்றவை சேர்ந்தால் அமைதி. நேரெதிரே இருக்கும் சிவப்பும் பச்சையும், நீலமும் ஆரஞ்சும் சேர்ந்தால் துடிப்பு. அரக்குப் புடவைக்குப் பச்சைக் கரை வைக்கும்போது எதிர்நிறங்கள் இரண்டும் முழுச் செறிவில் சந்திக்கின்றன. இருந்தும் கண் உறுத்துவதில்லை. ஏன்? கரை உடலைவிடப் பரப்பில் சிறியது. பெரும்பாலும் இரண்டுக்கும் நடுவே சரிகை ஓடிப் பிரிக்கிறது. உடல், கரை, முந்தி என்ற அந்தப் பங்கீட்டையே உள்ளலங்காரம் செய்பவர்கள் 60, 30, 10 என்ற விகிதமாகச் சொல்கிறார்கள். அறையின் அறுபது பங்கு சுவர், முப்பது பங்கு தரையும் திரையும் பெரிய மரச்சாமான்களும், பத்துப் பங்கு மெத்தை உறை, படச்சட்டம், பூச்சாடி. இதில் தரையைக் கணக்கில் சேர்க்க மறந்துவிடுகிறோம். ரெட் ஆக்சைடோ ஆத்தங்குடிக் கல்லோ பதித்த வீட்டில் அந்த முப்பது பங்கு ஏற்கெனவே நிறைந்துவிட்டது. அதற்கு மேல் ஒரு சுவருக்குத் தனியாக அழுத்தமான நிறம் அடிப்பது, முழுக்கப் பூவேலை செய்த புடவைக்கு இன்னொரு கரை தைப்பதைப் போன்றது. வெறும் ஐவரி நிற டைல்ஸ் பதித்த வீடு என்றால் அந்தச் சுவருக்கு அங்கே இடம் உண்டு. எதிர்நிறங்களைச் சுவரில் சந்திக்க வைக்க விரும்பினால், சரிகையை நினைத்துக்கொண்டு, நடுவே கதவு நிலையோ வெள்ளைப் பட்டையோ வரும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

வெள்ளை என்று எடுத்தாலும் சாயலிலிருந்து தப்ப முடியாது. ஒவ்வொரு வெள்ளையிலும் மஞ்சளோ நீலமோ இளஞ்சிவப்போ பச்சையோ மெல்லியதாக ஒளிந்திருக்கிறது. முன்பெல்லாம் பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது சுண்ணாம்போடு கொஞ்சம் நீலம் கரைத்தது இதை அறிந்துதான். சுண்ணாம்பின் மஞ்சள் மங்கலை எதிர்நிறமான நீலம் அடித்துவிடும். அதே நீலம் கலந்த வெள்ளையை ஐவரி டைல்ஸ் பதித்த அறையில் அடித்தால், தரை அழுக்கேறியதுபோல் பழுப்பாகத் தெரியும். ஒளிந்திருக்கும் சாயலைக் கண்டுபிடிக்க இரண்டு எளிய வழிகள் உள்ளன. ஒன்று, ஷேடு கார்டில் அதே பட்டையின் அடிக்கோடியில் இருக்கும் அடர்ந்த நிறத்தைப் பாருங்கள்; மேலே இருக்கும் வெளிர்நிறம் பெரும்பாலும் அதன் பிள்ளைதான். இரண்டு, ஒரு புதிய வெள்ளைத்தாளின் மேல் கார்டை வைத்துப் பாருங்கள். தனியாகப் பார்க்கும்போது வெள்ளையாக இருந்தது, தாளுக்குப் பக்கத்தில் தன் நிறத்தைக் காட்டிவிடும்.

வாஸ்து பார்ப்பவர்களுக்கு ஒரு சொல். தென்கிழக்கு அறைக்குச் சிவப்பு, ஆரஞ்சு என்பதுபோல் வீட்டில் பெரியவர்கள் சாயலை முன்கூட்டியே முடிவு செய்திருக்கலாம். அதை மதித்து நடப்பதில் அழகுக்குக் குறை வராது. வாஸ்து சொல்வது சாயலை மட்டும்தான். வெளிர்மையும் செறிவும் உங்கள் கையில் இருக்கின்றன. அழுத்தமான ஆரஞ்சு வேண்டியதில்லை; எல்.ஆர்.வி. 70 உள்ள மெல்லிய பீச் நிறமும் அதே குடும்பம்தான்.

இவ்வளவு யோசித்த பிறகும் சாம்பிள் பார்க்காமல் பெயின்ட் வாங்கக் கூடாது. பழைய சுவரில் நேரடியாகத் தடவிப் பார்ப்பது பயனற்றது. செவ்ரல் கண்டதுபோல் சுற்றியிருக்கும் பழைய நிறம் புதியதைத் திரித்துக் காட்டும். ஒவ்வொரு நிறத்திலும் கிடைக்கும் சிறிய அளவை வாங்கி, தடித்த வெள்ளைச் சார்ட் அட்டை ஒன்றில், ஓரத்தில் இரண்டங்குல வெள்ளை விட்டு, இரண்டு கோட்டு அடித்து முழுதாகக் காயவிடுங்கள். ஈரத்தில் தெரியும் நிறத்தை நம்ப வேண்டாம். காய்ந்ததும் அட்டையை நடுவில் மடித்து, புத்தகத்தைப் பாதி திறந்ததுபோல் அறையின் மூலையில் நிறுத்துங்கள். இரண்டு பாதிகளும் ஒன்றின் நிறத்தை மற்றொன்றில் வீசுவதால், நான்கு சுவருக்கும் அடித்த பின் நிறம் எப்படி ஆழமாகும் என்பது இந்த மடிப்பில் முன்கூட்டியே தெரிந்துவிடும். அட்டையின் அடிப்பகுதி தரையைத் தொட வேண்டும், ஏனென்றால் தரையின் நிறம் ஏறுவது அங்கேதான். காலை ஏழு மணி, நண்பகல், மாலை நான்கரை, இரவு விளக்கு எரியும் நேரம் என்று நான்கு முறை, இரண்டு நாள் பாருங்கள். எல்லா நேரத்திலும் அழகாக இருக்கும் நிறம் அரிது. அந்த அறையில் நீங்கள் அதிகம் இருக்கும் நேரத்தில் நன்றாக இருந்து, மற்ற நேரங்களில் உறுத்தாமல் இருந்தால் அதுவே உங்கள் நிறம்.

எங்கள் ஹாலுக்கு இரண்டாம் முறை மூன்று அட்டைகளை இப்படி நிறுத்தினோம். வெளிர்நீலம் காலையில் மிக அழகாக இருந்து மாலையில் ஊதாவாகக் கலங்கியது. தூய வெள்ளையில் தரையின் சிவப்பு மிகத் தெளிவாகப் படிந்தது. மஞ்சளும் துளி சிவப்பும் ஒளிந்திருக்கும் மங்கிய வெள்ளை மட்டும், தரையிலிருந்து வந்த ஒளியை வேற்றாளாக நடத்தாமல் தன்னோடு சேர்த்துக்கொண்டது. தரையின் சாயலுக்கு உறவான சாயலை மிக வெளிர்ந்த அளவில் சுவருக்கு எடுத்தால், தெறிக்கும் ஒளி கறையாகத் தெரியாது.

அறையின் வடிவத்தைத் திருத்துவதற்கும் நிறம் உதவும், ஓரளவுக்கு. ரயில் பெட்டிபோல் நீண்ட அறையில் கடைசிக் குறுக்குச் சுவருக்கு இரண்டு படி அடர்ந்த நிறம் அடித்தால் அது முன்னால் வந்ததுபோல் தெரியும். கூரை தாழ்ந்திருந்தால் சீலிங்கை வெள்ளையாகவே விடுங்கள்.

வெளிச்சுவருக்கு வேறு நியாயம். அங்கே வெயிலே முதலாளி. வெளிர்நிறம் வெப்பத்தைத் திருப்பி அனுப்பும் என்பது அனைவரும் அறிந்தது. நிறமிகள் எல்லாம் வெயிலை ஒரேபோல் தாங்குவதில்லை என்பது பலருக்குத் தெரியாது. காவி, செம்மண், மஞ்சட்காவி போன்றவை இரும்பு ஆக்சைடிலிருந்து வருபவை. வெயிலுக்கும் சிமென்ட்டின் காரத்துக்கும் அசையாதவை. பளிச்சென்ற ரோஜா, ஊதா, எலுமிச்சை மஞ்சள் நிறங்களில் பெரும்பாலும் கரிம நிறமிகள் இருப்பதால், மேற்குச் சுவரில் அவை சில ஆண்டுகளிலேயே வெளுத்துவிடக்கூடும். வெளியே அடர்ந்த நிறம் வேண்டுமென்றால் மண்ணின் நிறங்களுக்குள் தேடுங்கள். புதிதாகப் பூசிய சுவர் என்றால், காரம் அடங்க குறைந்தது நான்கு வாரம் காயவிட்ட பிறகே பிரைமரும் நிறமும் ஏற வேண்டும்.

நிறம் முடிவானதும் பளபளப்பையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் ஒரே ஷேடு, மினுங்காத ‘மேட்’ வகையில் மென்மையாகவும் பளபளப்பில் அடர்ந்தும் தெரியும். பட்டி சரியாக உட்காராத சுவரின் மேடுபள்ளத்தை மேட் மறைக்கும், பளபளப்பு காட்டிக்கொடுக்கும். சமையலறைக்கும் குழந்தைகள் கை படும் இடத்துக்கும் துடைக்கத் தக்க, லேசான பளபளப்பு உள்ளதை எடுக்கலாம்.

அளவுக்கு, பத்துக்குப் பன்னிரண்டு அறை, பத்தடி உயரம் என்றால் நான்கு சுவரும் சேர்ந்து 440 சதுர அடி. கதவு, ஜன்னலுக்கு அறுபது கழித்தால் 380. பட்டி பார்த்த சுவரில் இரண்டு கோட்டுக்கு ஒரு லிட்டர் எத்தனை சதுர அடி வரும் என்பது டப்பாவில் போட்டிருக்கும். 120 என்று இருந்தால் மூன்றேகால் லிட்டர் ஆகும், எனவே நான்கு லிட்டர் வாங்குங்கள். ஓர் அறைக்கு வேண்டியதை ஒரே நாளில், ஒரே இயந்திரத்தில் கலக்கச் சொல்லுங்கள். டப்பாக்கள் ஒன்றுக்கு மேல் என்றால் எல்லாவற்றையும் ஒரு பெரிய வாளியில் ஊற்றிக் கலக்கிவிட்டு அடிக்கச் சொல்லுங்கள். ஒரே எண் போட்ட இரண்டு டப்பாக்களுக்குள்ளும் நூலிழை வேறுபாடு இருக்கக்கூடும், சுவரின் நடுவில் அது கோடாகத் தெரியும். வேலை முடிந்ததும் கால் லிட்டரை மூடி இறுகும் பாட்டிலில் ஊற்றி வைத்து, ஷேடு எண், பேஸ் (சாயம் கலப்பதற்கு முன் இருந்த அடிப்படை பெயின்டின் வகை), பளபளப்பு, அடித்த தேதி நான்கையும் ஒரு சீட்டில் எழுதி, அந்த அறையின் அலமாரிக் கதவின் உட்புறத்தில் ஒட்டிவிடுங்கள்.